ஆபத்து நாளில் சபை: பெயர்ப்பட்டியலில் தொடங்கி முதலாம் ஆண்டு நினைவுநாள் வரை

வெள்ளம், தொற்றுநோய், தொழிற்சாலை மூடல், ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மரணங்கள் என்று எது நேர்ந்தாலும் கிறிஸ்தவ சபையார் கைகொடுக்க ஓடி வருகிறார்கள். அந்த ஓட்டத்தில் எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். பொருள் சேர்த்த பிறகு தேவையைக் கேட்கிறார்கள். ஆறுதல் சொல்லி முடித்த பிறகு செவிகொடுக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் எல்லாரும் களைத்துப்போகும்போது, துக்கத்தில் இருப்பவர் அப்போதுதான் முதன்முறையாக அழத் தொடங்குகிறார்.

எங்கள் சபையில் இந்தப் பொறுப்பைச் சில ஆண்டுகள் சுமந்தேன். புதிதாக இதில் இறங்கிய மற்றச் சபையார் தடுக்கி விழுந்த இடங்களையும் அருகிலிருந்து பார்த்தேன். ஐம்பது பேர் கூடும் சிறிய சபையும் செய்யக்கூடிய அளவில் இதை எழுதியிருக்கிறேன். முதல் மூன்று படிகளை நெருக்கடி வருமுன்னே முடித்துவிட வேண்டும். வந்த பிறகு அவற்றுக்கு நேரம் கிடைக்காது.

1. காணாமற்போகக்கூடியவர்களைக் கொண்டு பட்டியலைத் தொடங்குங்கள்

ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மாலைப்பொழுதுகளும் போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த எண்ணில் கிடைப்பார்கள், அந்த எண் கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது, அன்றாடம் மருந்து எடுப்பவர் உண்டா, நடக்க முடியாதவர் உண்டா, தனியாக வாழ்கிறாரா என்பவற்றை மட்டும் எழுதுங்கள். மருந்து, உடல்நிலை பற்றிய விவரங்களை அவர்களிடம் சொல்லி, சம்மதம் பெற்றே எழுத வேண்டும்.

அங்கத்தினர் பதிவேட்டை அப்படியே நகல் எடுப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. எங்கள் முதல் நெருக்கடியில் காணிக்கை உறைகளின் பட்டியலை வைத்து வீடு வீடாகப் போனோம். உறை வாங்காதவர்களின் பெயர் அதில் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விடும் ஒரு முதியவரை ஒன்பதாம் நாள்தான் நினைத்தோம். அந்த ஒன்பது நாட்களும் அவர் பக்கத்து வீட்டாரின் தயவில் இருந்தார். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் அதிகமாக வலித்தது.

ஆகவே பட்டியலை ஓரத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். வருவதை நிறுத்திவிட்டவர்கள், வேறு மொழி பேசுபவர்கள், உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள், விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்கள், கணவனோ மனைவியோ மட்டும் சபைக்கு வரும் வீடுகள் ஆகியோரை முதலில் எழுதுங்கள். முன்வரிசையில் இருப்பவர்களை எப்படியும் யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்ததும் பத்துப் பேருக்கு ஒருவர் என்று பிரித்துவிடுங்கள். மோசே தனியாக நியாயம் விசாரித்துக் களைத்தபோது அவருடைய மாமன் எத்திரோ சொன்ன யோசனையில் மிகச் சிறிய அலகு பத்துதான். ஒரே மாலையில் ஒருவரால் பத்துப் பேரோடு பேசி முடிக்க முடியும். முப்பது பேரைக் கொடுத்தால் கடைசிப் பத்துப் பேருக்கு அழைப்பு போகாது.

பட்டியலின் ஒரு பிரதி கட்டாயம் தாளில் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் தொலைபேசியும் சில மணி நேரத்தில் அணைந்துவிடும்.

2. ஐந்து பேரை நியமியுங்கள், பணப் பொறுப்பைப் போதகருக்குக் கொடுக்காதீர்கள்

பட்டியல், பணம், பொருள், வீட்டுச் சந்திப்பு, வெளித்தொடர்பு ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கு ஒருவரும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளும் வேண்டும். நெருக்கடி வரும்போது பொறுப்பாளரின் வீடும் அதே தண்ணீரில் மூழ்கலாம்.

போதகரிடம் ஜனங்கள் மனம் திறந்து அழ வருகிறார்கள். பணத்தைத் தீர்மானிப்பவரும் அவரே என்றால் அந்த அழுகை ஒரு விண்ணப்பமாக மாறிவிடும். கேட்க வெட்கப்படுபவர் ஜெபத்துக்கே வராமல் நின்றுவிடுவார். உதவி கிடைக்காதவர் போதகர்மேல் மனத்தாங்கல் கொண்டு ஆராதனையையும் விட்டுவிடுவார். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பன்னிருவரும் பந்திவிசாரணையை, அதாவது ஏழைகளுக்கு உணவு பகிரும் பொறுப்பை, ஏழு பேரிடம் ஒப்படைத்ததில் இந்தத் தெளிவும் இருக்கிறது.

அதே இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அன்றாட உணவுப் பகிர்வில் விடுபட்டவர்கள் கிரேக்க மொழி பேசிய விதவைகள். நியமிக்கப்பட்ட ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டவர்களை நன்கு அறிந்தவர்கள் கையில் பொறுப்பு போயிருக்கிறது என்றே இதை வாசிக்கிறேன். உங்கள் ஐவரில் ஒருவராவது உங்கள் சபையில் எளிதில் விடுபடும் பக்கத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஐவரும் மூப்பர்களின் குடும்பத்தார் என்றால் மறுபடியும் தொடங்குங்கள்.

3. பணத்துக்கான விதிகளை அமைதியான நாளில் எழுதுங்கள்

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடமிராதபடி, சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டதாக 2 கொரிந்தியர் 8இல் காரணத்தோடு எழுதியிருக்கிறார். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். எந்தப் பணமும் இரண்டு பேர் கையொப்பம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அந்த இருவரும் ஒரே குடும்பத்தாராக இருக்கவும் கூடாது.

ஒரு குறிப்பிட்ட தொகை வரை இரண்டு பேரே அன்றைக்கே முடிவெடுக்கலாம் என்றும், அதற்கு மேல் போனால் ஐவரும் கூடிப் பேச வேண்டும் என்றும் எழுதிவையுங்கள். இந்த வரம்பு இல்லாத சபையில் ஒரு மருந்துச் சீட்டுக்கான பணம்கூட அடுத்த கமிட்டிக் கூட்டம் வரை காத்திருக்கும்.

பொதுக் கணக்கில் பெயருக்குப் பதிலாக எண் எழுதுங்கள். எந்த எண் யாருடையது என்பது தனிக் குறிப்பேட்டில், பணப் பொறுப்பாளரிடமும் தணிக்கை செய்பவரிடமும் மட்டும் இருக்கட்டும். கணக்கு வெளிப்படையாக இருக்கும், பெற்றவரின் மானமும் காக்கப்படும்.

கடனாகக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பிழைகளில் இதுவே பெரிது. திருப்பித் தர முடியாதவர் முதலில் கொடுத்தவரின் கண்ணில் படாமல் ஒதுங்குவார், பிறகு ஆராதனைக்கு வருவதையே விட்டுவிடுவார். பணமும் போய், ஆளும் போய்விடுவார். முடிந்ததைக் கொடையாகக் கொடுங்கள். முடியாததை முடியாது என்று அன்பாகச் சொல்லுங்கள்.

நிதியைச் சிறிது சிறிதாக, வாரந்தோறும் சேருங்கள். கொரிந்து சபைக்குச் சொல்லப்பட்ட முறையும் வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைப்பதுதான். அந்தியோகியாவின் சீஷர்கள் பஞ்சம் வரும் என்று அகபு என்ற தீர்க்கதரிசி முன்னறிவித்ததைக் கேட்டவுடனே அவரவர் திராணிக்குத் தக்கபடி அனுப்பத் தீர்மானித்தார்கள்.

4. முதல் 72 மணி நேரம்: ஆளைக் கண்டுபிடியுங்கள், குறிப்பாகக் கேளுங்கள்

ஒவ்வொருவரும் தம் பத்துப் பேரை அழைக்கட்டும். பதில் வராத வீட்டுக்கு, பாதுகாப்பாகப் போக முடிந்தால், இருவராக நேரில் போகட்டும். முடியாவிட்டால் மீட்புப் பணியினருக்குச் சொல்லுங்கள். தனியாகத் துணிந்து போனவரையே பிறகு தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

"ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். மானமுள்ள எவரும் "ஒன்றும் வேண்டாம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றே சொல்வார். அழைத்தவரும் நிம்மதியாகக் குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். மாறாக இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இன்று இரவு எங்கே தூங்கப் போகிறீர்கள்? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? இப்போது உங்களோடு யார் இருக்கிறார்கள்? இவற்றுக்கு "வேண்டாம்" என்று பதில் சொல்ல முடியாது.

மருந்து பற்றிய பதிலை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கவனியுங்கள். இன்சுலின் போடுபவருக்கும், வழக்கமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும், வலிப்பு மாத்திரை எடுப்பவருக்கும் இரண்டு நாள் தாமதமே ஆபத்தாகலாம். தண்ணீருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பதே நிவாரணப் பணியில் உலகெங்கும் கொள்ளும் அடிப்படை அளவு. குடும்பத்துக்கு ஒரு குடம் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

பழைய துணி சேர்ப்பதில் முதல் நாளைச் செலவழிக்காதீர்கள். துணி மலைபோல் குவியும், அதைப் பிரித்து அடுக்கப் பத்துப் பேர் வேண்டும், கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். கடைகள் திறந்திருக்கும் இடத்தில் பெரும்பாலும் பணமே சிறந்த உதவி. அந்த வீட்டுக்கு எது தேவை என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

இந்த மூன்று நாட்களில் உபதேசம் தேவையில்லை. சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது அப்பமும் தண்ணீரும்தான். அவர் புசித்தார், மறுபடியும் தூங்கினார், தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிப் புசிக்கச் செய்தான். கர்த்தர் அவரிடம் "உனக்கு இங்கே என்ன காரியம்" என்று கேட்டது அதற்கெல்லாம் பிறகு, நீண்ட பயணம் முடிந்து ஓரேப் மலையிலேதான்.

5. பெறுகிறவரின் முகம் வெளியே தெரியக் கூடாது

கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்கு காட்ட வேண்டுமானால் ரசீதைக் காட்டுங்கள். உதவி பெற்றவரின் பெயரைப் பொதுஜெபத்தில் அவருடைய சம்மதமின்றிச் சொல்லாதீர்கள். "இன்ன குடும்பத்தின் கடன் தீர ஜெபிப்போம்" என்ற ஒரு வாக்கியம் ஊருக்கே செய்தி சொல்லிவிடும். ஜெப விண்ணப்பம் வம்பாக மாறும் இடத்தில் ஒருவரும் இரண்டாம் முறை விண்ணப்பம் கொடுக்க மாட்டார்.

யார் தகுதியானவர் என்று ஆராய்வதிலும் அளவு வேண்டும். சிறிய தொகைக்கு நீண்ட விசாரணை வைக்காதீர்கள். சிலர் ஏமாற்றக்கூடும். அந்தச் சிறிய இழப்பைத் தாங்கிக்கொள்வது, உண்மையிலேயே தேவையுள்ள ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்து திருப்பி அனுப்புவதைவிட மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

பிள்ளைகளோடு பணிசெய்யும் இடத்தில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். நெருக்கடி நேரம், ஆள் இல்லை என்று இந்த விதியைத் தளர்த்தவே கூடாது. தவறு நடப்பது குழப்பமான நாட்களில்தான்.

6. துக்கவீட்டில்: முதலில் உட்காருங்கள்

இந்தப் படியில்தான் நல்ல விசுவாசிகள் அதிகமாகக் காயப்படுத்துகிறார்கள். அன்பு குறைந்ததால் அல்ல, அமைதியைத் தாங்க முடியாததால். அழுகிறவரின் முன் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது கடினம். அந்தச் சங்கடத்தைப் போக்கிக்கொள்ள வசனம் சொல்லிவிடுகிறோம்.

யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவுபகலாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுவே. வாயைத் திறந்து காரணம் விளக்கத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. முடிவில் கர்த்தருடைய கோபம் மூண்டதும் விளக்கம் சொன்னவர்கள்மேல்தான், கதறிய யோபின்மேல் அல்ல.

சொல்லக் கூடாதவற்றைக் குழுவினர் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும். "எல்லாம் தேவசித்தம்." "கர்த்தருக்கு அந்தக் குழந்தை தேவைப்பட்டது." "இதிலும் ஒரு நன்மை இருக்கும்." "இன்னும் விசுவாசமாக ஜெபித்திருந்தால்." இவற்றில் கடைசி வாக்கியம் கொடுமையானது. இறந்தவரின் மரணத்துக்கு அழுகிறவரையே பொறுப்பாக்குகிறது. முதல் வாக்கியத்தைத் துக்கத்தில் இருப்பவரே சொன்னால் அது அவருடைய அறிக்கை, மறுக்க வேண்டாம். நாம் அவருக்குச் சொன்னால் அது தீர்ப்பு.

என்ன சொல்லலாம்? "வார்த்தை வரவில்லை, உங்களோடு இருக்க வந்தேன்." "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்." இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் வலிக்குமே என்று எல்லாரும் தவிர்க்கிறார்கள், ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லையே என்று அந்தத் தாய் ஏங்குகிறாள்.

நடந்ததை விவரமாகச் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டுதல் இதை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. சூழ்நிலையையும் அவசரத் தேவையையும் பார்ப்பது, சொல்ல விரும்புவதைக் கேட்பது, தேவையான உதவியோடு இணைப்பது. சொல்ல விரும்பாதவரைத் தோண்டக் கூடாது.

ஜெபிக்குமுன் "ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் மனம் வருந்தாமல் இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். ஜெபித்தால் சுருக்கமாக ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள். கண்மூடியிருப்பவர் எதிர்த்துப் பேச முடியாது.

சாவைப் பற்றி ஒருவர் பேசினால், அல்லது பேசாமலே உங்களுக்கு அச்சம் தோன்றினால், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மருத்துவரிடமோ மனநல உதவி எண்ணுக்கோ அன்றைக்கே கொண்டுசேருங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டும்படி சபையில் எவராவது சொன்னால் மூப்பர்கள் அதை உடனே, வெளிப்படையாக மறுக்க வேண்டும்.

7. முதல் ஞாயிறு ஆராதனையில் புலம்பலுக்கு இடம் கொடுங்கள்

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதற்கு வெளிச்சமான கடைசி வசனம் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் நம் ஆராதனைகளில் துதிக்கும் ஸ்தோத்திரத்துக்கும் மட்டுமே இடம் ஒதுக்கப்படுகிறது. எல்லாவற்றையும் இழந்தவர் அங்கே தம் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

13ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களை ஒழுங்குமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வசனங்கள் "எதுவரைக்கும்" என்று கேட்கின்றன. அவற்றை வாசித்ததும் மூன்று நிமிடம் மௌனம், விரும்பினால் ஒரு தாளில் தம் கேள்வியை எழுதலாம். அடுத்த இரண்டு வசனங்கள் மன்றாட்டு, அங்கே சபை ஒன்றாக ஜெபிக்கட்டும். கடைசி இரண்டு வசனங்கள் நம்பிக்கை, அவற்றை ஒருவர் மட்டும் சபையின் சார்பாக வாசிக்கட்டும். அன்று சொல்ல முடியாதவரின் வாயில் அந்த வார்த்தைகளைத் திணிக்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

சாட்சி நேரத்தை அந்த வாரம் திறந்துவிடாதீர்கள். "எங்கள் தெருவில் எல்லா வீடும் போயிற்று, எங்கள் வீட்டை மட்டும் கர்த்தர் காத்தார்" என்று ஒருவர் மனநிறைவோடு சொல்வார். வீட்டை இழந்தவர் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பார். நன்றி சொல்ல விரும்புபவரை முன்கூட்டியே தனியே சந்தித்துக் காரணத்தைச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள். நான் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர் சாட்சிக்குப் பதிலாக அன்று பிற்பகலே வீடிழந்த ஒரு குடும்பத்தைத் தம் வீட்டில் தங்க அழைத்துச் சென்றார்.

8. சபைக்கு வெளியே உள்ளவர்களுக்கு

யாவருக்கும் நன்மை செய்யுங்கள் என்றே கலாத்தியர் 6 சொல்கிறது, விசுவாசக் குடும்பத்தார் என்பது அதற்குப் பிறகு வருகிறது. முதல் நாளிலிருந்தே நிதியில் ஒரு பகுதியை வெளியாருக்கென்று ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சம் இராது.

உதவிப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். உதவி பெற ஆராதனைக்கு வர வேண்டும் என்று குறிப்பாலும் உணர்த்தாதீர்கள். செஞ்சிலுவை இயக்கமும் மற்ற நிவாரண அமைப்புகளும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியும், உதவியைச் சமய நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அந்த நெறி இல்லாவிட்டாலும், பசியில் இருப்பவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமல்ல. ஏன் வந்தீர்கள் என்று அவராகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு சமயத்தார் நடத்தும் முகாமில் ஆள் தேவைப்பட்டால் அங்கேயும் போய் வேலை செய்யுங்கள்.

9. நான்காவது வாரம் முதல்: நாட்காட்டியை எடுங்கள்

கூட்டம் கலைந்த பிறகுதான் நீண்ட வேலை ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் தேதிகளை எழுதுங்கள்: ஒரு மாதம், மூன்று மாதம், இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ், முதலாம் ஆண்டு நினைவுநாள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே போகப்போகிறவரின் பெயரை இப்போதே எழுதிவிடுங்கள். பெயர் இல்லாத தேதிக்கு யாரும் போக மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் தேவைகள் மாறும். காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, இழந்த சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்பது, பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது, வேலைக்குச் சிபாரிசு செய்வது என்று ஜெபக்குழுவில் பேசப்படாத வேலைகள் வரும். அலுவலகத்தில் வரிசையில் உடன் நிற்பதும் ஊழியமே.

மாத உதவி கொடுத்தால் எத்தனை மாதம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அறிவிக்காமல் நிறுத்துவது காயப்படுத்தும், முடிவே இல்லாமல் தொடர்வது ஒருவரை எப்போதும் பெறுகிறவராகவே வைத்துவிடும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதையும் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பதையும் அதே கலாத்தியர் 6 அருகருகே வைத்திருக்கிறது. அவர் சற்றே எழுந்து நிற்கும்போது சபையில் ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் துக்கவீட்டுச் சந்திப்பை இன்று நடத்துகிறவர், முன்பு நாங்கள் போய் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர்.

10. சுமக்கிறவர்களுக்கு ஓய்வு, பட்டியலுக்குத் திருத்தம்

ஆறு வாரம் தொடர்ந்து பணிசெய்தவரை இரண்டு வாரம் கட்டாயமாக விலக்கிவையுங்கள். மாற்று ஆள் இருப்பது இதற்காகவும்தான். தூக்கம் கெட்டிருக்கிறதா, வீட்டாரிடம் எரிந்து விழுகிறாரா என்று அவருடைய குடும்பத்தாரிடம் கேளுங்கள், அவரிடம் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பார். போதகரையும் இந்த விதியிலிருந்து விலக்காதீர்கள்.

கடைசியாக ஐவரும் பட்டியலோடு உட்காருங்கள். யாரை எந்த நாளில் கண்டுபிடித்தோம் என்பதை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள். மூன்று நாளைத் தாண்டிய ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கேளுங்கள்: எண் மாறியிருந்ததா, பொறுப்பாளர் ஊரில் இல்லையா, அல்லது அந்தப் பெயரே பட்டியலில் இல்லையா? அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா எண்களையும் அழைத்துச் சரிபாருங்கள். அழைக்கும்போது காரணம் எதையும் தேட வேண்டாம், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.